பிள்ளைங்களுக்கு ஊழியம் பண்ண கம்போடியாவுக்கு மிஷன் ட்ரிப்: மொதல் தடவை போறவங்களுக்கு

நவம்பர் ஸ்கூல் லீவு நெருங்குச்சுன்னா போதும், ஆராதனை முடிஞ்சு டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப யாராவது பக்கத்துல வந்து "அக்கா, இந்த வருஷம் கம்போடியா டீம்ல நானும் வர்றேன், என்னென்ன வாங்கணும்?"னு கேப்பாங்க. மொதக் கேள்வியே வாங்குறதப் பத்தித்தான் வரும். பொம்மை வாங்கவா, பென்சில் பாக்ஸ் வாங்கவா, பழைய துணி கொண்டு வரலாமா. நானும் மொதல் தடவை ரெண்டு பெட்டி நெறைய சாமான் கட்டிக்கிட்டுத்தான் போனேன். சிங்கப்பூர்ல ஒரு தமிழ்ச் சபையில சண்டே ஸ்கூல் டீச்சர் நான், இதுவரைக்கும் ஆறு தடவை போயாச்சு, அதுல மூணு தடவை டீம் லீடரா. ஒவ்வொரு தடவையும் பெட்டி கொறஞ்சுக்கிட்டே வருது, கெளம்புறதுக்கு முன்னாடி பண்ற வேலை கூடிக்கிட்டே வருது. அந்த வேலையப் பத்தித்தான் எழுதுறேன். சென்னையிலேர்ந்தோ கோலாலம்பூர்லேர்ந்தோ வேற நாட்டுக்குப் போறவங்க நாட்டுப் பேர மட்டும் மாத்திக்கிட்டு படிங்க, பாதிக்கு மேல ஒத்துப்போகும்.

மொதல்ல: உங்கள யாரு கூப்பிட்டாங்க?

டிக்கெட் விலை பாக்குறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க. "நாங்க பதினஞ்சு பேர் வர்றோம், விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான லீவு பைபிள் ஸ்கூல்) நடத்துறோம்"னு நம்ம சொல்லி, அவங்க "வாங்க வாங்க"ன்னா அத அழைப்புன்னு எடுத்துக்காதீங்க. அந்த ஊர்க்காரங்களும் நம்மள மாதிரிதான், வீட்டுக்கு வர்றேன்னு சொல்றவங்கள வேணாம்னு சொல்ல வாய் வராது. அதனால அங்க இருக்குற சபைப் பாஸ்டர்கிட்ட வேற மாதிரி கேளுங்க: பிள்ளைங்களுக்காக நீங்க வருஷம் பூரா என்ன பண்றீங்க, அதுல எங்களால ஆகுற வேலை எதாச்சும் இருக்கா, எந்த மாசம் வந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்ல. கேட்டுட்டு ரெண்டு வாரம் சும்மா இருங்க. அவசரப்படுத்தாதீங்க.

ஒரு வருஷம் இப்படிக் கேட்டப்ப அந்தப் பாஸ்டர் கொஞ்சம் தயங்கிட்டு, எங்க சண்டே ஸ்கூல் டீச்சருங்க பன்னெண்டு பேருக்கு மூணு நாள் ட்ரெயினிங் கொடுக்க முடியுமா, பிள்ளைங்க ப்ரோகிராம அவங்களே நடத்திக்குவாங்கன்னு சொன்னாரு. எங்க டீம்ல பாதிப் பேருக்கு மொகம் வாடிப்போச்சு, ஏன்னா பிள்ளைங்களோட ஆடிப் பாடணும்னு வந்தவங்க அவங்க. ஆனா அந்த பன்னெண்டு பேர்ல எட்டு பேர் இன்னைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கிளாஸ் எடுக்குறாங்க, நாங்க ஆடின ஆட்டம் எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்ல.

மாசத்தப் பத்தி ஒரு வார்த்தை. மே மாசம் தொடங்கி அக்டோபர் வரைக்கும் அங்க மழைக்காலம். நம்ம ஜூன் லீவு நடுவுல மாட்டும். டவுனுக்குள்ள பரவால்ல, கிராமத்துச் செம்மண் ரோட்டுல வேன் சக்கரம் பொதைஞ்சா அன்னைக்கு ப்ரோகிராம் அவ்ளோதான். நவம்பர் கடைசி, டிசம்பர் நல்ல காலம். ஏப்ரல் நடுவுல கெமர் புத்தாண்டு வரும் (கெமர்னா அந்த நாட்டு ஜனங்க, அவங்க மொழிக்கும் அதான் பேர்), நம்ம சித்திரை ஒண்ணாந்தேதிய ஒட்டியே வரும், ஒரு நாள் முன்ன பின்ன. செப்டம்பர் அக்டோபர்ல "ப்சும் பென்"னு முன்னோர்களுக்குச் செய்ற பெரிய பண்டிகை. இந்த ரெண்டு சமயத்துலயும் ஊரே சொந்த கிராமத்துக்குப் போயிடும், சபை வேலையாளுங்களுக்கும் குடும்பம் இருக்கு, அவங்கள லீவுல பிடிச்சு வச்சுக்காதீங்க.

அநாதை இல்லம் வேணாம்

இத மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

என் மொதல் ட்ரிப்ல ஒரு இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வேன விட்டு எறங்குனதும் நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு ஓடி வந்து என் கால கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான் அழுதேன், டீம்ல எல்லாருமே அழுதாங்க, ஊருக்கு வந்து சாட்சி சொல்றப்பவும் அழுதேன், நல்ல காணிக்கை சேந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஊர்ல வேல செய்ற ஒரு அம்மா பேச்சுவாக்குல சொன்னாங்க, அந்தப் பொண்ணோட அம்மா அங்கேர்ந்து ஒரு மணி நேர தூரத்துலதான் இருக்காங்களாம், சாப்பாடும் படிப்பும் கெடைக்கும்னு கொண்டு வந்து விட்டாங்களாம். வாரா வாரம் புதுசு புதுசா டீம் வரும், பிள்ளைங்க ஓடி வந்து கட்டிப் பிடிக்கும், டீம் போயிடும். முன்ன பின்ன தெரியாத ஆள ஓடி வந்து கட்டிப் பிடிக்கிற பிள்ளை சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம் இல்லன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நம்ம வீட்டுப் பிள்ளை அப்படி ஓடுனா நம்ம விடுவோமா?

இது ஒரு இல்லத்துக் கதை மட்டும் இல்ல. 2017ல வெளியான கம்போடிய அரசாங்கக் கணக்குல 406 இல்லங்கள்ல 16,500 பிள்ளைங்களுக்கு மேல இருந்தாங்க. அதுக்கு முன்னாடி நடந்த ஆய்வுகள்லயே இப்படி இல்லங்கள்ல இருக்குற முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சு போச்சு. வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்து அழுது காசு கொடுக்கக் கொடுக்க இல்லங்கள் பெருகுச்சு. 2019 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையே பிள்ளைங்க உரிமை பத்தின தீர்மானத்துல, குடும்பத்தோட வளர்றதுதான் மொதல் வழின்னும் இந்த மாதிரி இல்லச் சுற்றுலாவால பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னும் சொல்லிடுச்சு. கம்போடியாவுலயே ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு சைல்ட்சேஃப்னு ஒரு திட்டம் நடத்துறாங்க, பிள்ளைங்க ஒண்ணும் சுற்றுலாக் காட்சி இல்லன்னு போஸ்டரே அடிச்சாங்க. அவங்க பயணிகளுக்குச் சொல்ற குறிப்புகள டீம் மீட்டிங்ல ஒரு தடவை சேந்து உக்காந்து படிங்க.

அப்ப எங்க போறது? பிள்ளைங்க தன் வீட்டுல தூங்கி எழுந்து, அப்பா அம்மா பாட்டி அனுப்பி வச்சு வர்ற எடத்துக்குப் போங்க. சபை நடத்துற சாயங்கால டியூஷன், பாலர் பள்ளி, கிராமத்து சண்டே ஸ்கூல். நம்ம போனாலும் போகலைன்னாலும் நடக்குற வேலையா இருந்தா அதுல போய் ஒரு கை கொடுக்கலாம்.

டீம சேக்குறது

எட்டுலேர்ந்து பன்னெண்டு பேர் போதும், ஒரு வேன்ல அடங்கணும். இருபது பேர் போனா நம்மள பாத்துக்கவே அந்தச் சபைக்கு ஆள் பத்தாது. சமைக்கிறது யாரு, பாத்ரூம் எத்தன, இதெல்லாம் யோசிங்க.

வர்றேன்னு சொல்ற எல்லாரையும் சேக்காதீங்க. இது சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், நம்ம சபையில எல்லாரும் அண்ணன் அக்கா ஆன்ட்டிதான, யார வேணாம்னு சொல்றது. அதுக்காகத்தான் எழுத்துல ஒரு விதிமுறை வேணும், பாஸ்டர்லேர்ந்து பதினாறு வயசுப் பையன் வரைக்கும் எல்லாரும் கையெழுத்துப் போடணும். எங்களோடது ஒரு பக்கம்தான். எந்தப் பெரியவங்களும் ஒரு பிள்ளையோட தனியா ஒரு ரூம்ல இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர், அதுல ஒருத்தர் உள்ளூர்க்காரரா இருந்தா நல்லது. பிள்ளைங்கள பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறது உள்ளூர் டீச்சர் வேலை. மடியில தூக்கி வச்சுக்கிறது, முத்தம் கொடுக்குறது கெடையாது. போன் நம்பர், ஃபேஸ்புக், டெலிகிராம் எதுவும் பிள்ளைங்களோட பரிமாறிக்கக் கூடாது. தனிப்பட்ட ஒரு பிள்ளைக்குக் காசு கொடுக்குறேன், படிக்க வைக்கிறேன்னு யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. தப்பா எதாச்சும் கண்ணுல பட்டா யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேர் பேர் எழுதியிருக்கும், ஒருத்தர் நம்ம டீம்ல, ஒருத்தர் அங்க.

"என்ன சிஸ்டர், எங்களையே சந்தேகப்படுறீங்களா"ன்னு ஒரு அங்கிள் கேட்டாரு. சந்தேகம் இல்ல அங்கிள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்கன்னு காட்டுனேன். போட்டாரு. போட மாட்டேன்னு நின்னவர் ஒருத்தர் உண்டு, அவர நாங்க கூட்டிட்டுப் போகல.

பேப்பர் வேலை, காசு

பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடி இருக்கணும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா வருஷா வருஷம் ஒருத்தர் மாட்டுவாங்க. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். நம்ம சபையில வேலைக்கு வந்த தம்பிங்க இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருப்பாங்க, அவங்களுக்கு விசா வேணும், அரசாங்க இ-விசா சைட்டுலேயே எடுத்துடுங்க, அதே மாதிரி இருக்குற ஏஜென்ட் சைட்டுல போய் டபுளா கட்டாதீங்க. எல்லாருமே இ-அரைவல்னு ஒண்ண ஆன்லைன்ல போடணும், எறங்குறதுக்கு முன்னாடி ஏழு நாளுக்குள்ள, ஃப்ரீதான். விபிஎஸ் நடத்துறதுக்கு உள்ளூர்ல யார்கிட்ட சொல்லணும், ஊர்த் தலைவருக்குத் தகவல் போகணுமான்னு கூப்பிட்ட சபைகிட்ட கேட்டு, அவங்க மூலமாவே பண்ணுங்க.

2025 ஜூலைல தாய்லாந்து கம்போடியா எல்லையில சண்டை வெடிச்சுது, அந்த வருஷக் கடைசியிலயும் திரும்ப நடந்துச்சு. அதனால எல்லைப் பக்கத்து மாகாணங்களுக்குப் போறதா இருந்தா உங்க நாட்டு வெளியுறவு அமைச்சோட அறிவிப்பப் பாருங்க, போறதுக்கு முன்னாடி அதுல பேர் பதிஞ்சுட்டுப் போங்க. தரைவழியா பாங்காக்லேர்ந்து போயிடலாம்னு ப்ளான் போடாதீங்க. பட்டாம்பாங், பைலின், ஒட்டார் மியன்ச்சே பக்கம் பழைய கண்ணிவெடி இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு, மண்டையோடு போட்ட செவப்பு போர்டு பாத்தா அந்தப் பக்கமே போகாதீங்க, பாத்ரூம் அவசரம்னு கூட நடைபாதைய விட்டு எறங்கக் கூடாது.

ஏர்போர்ட் விஷயம் ஒண்ணு. அங்கோர் வாட் கோயில் இருக்குற சியெம் ரீப்ல புது ஏர்போர்ட் 2023 அக்டோபர்ல திறந்தாங்க, டவுன்லேர்ந்து நாப்பது கிலோமீட்டருக்கு மேல. பழசு பக்கத்துலயே இருந்துச்சு, அத நெனச்சுக்கிட்டு வேனுக்கு நேரம் சொல்லாதீங்க. தலைநகர் புனோம் பென்லயும் 2025 செப்டம்பர்ல புது ஏர்போர்ட் வந்தாச்சு.

காசுக்கு அமெரிக்க டாலரே ஓடும், சில்லறைக்கு அந்த ஊர்ப் பணம் ரியெல், ஒரு டாலருக்கு சுமாரா 4,000 ரியெல். நோட்டுல முடி அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டாங்க, மணி சேஞ்சர்கிட்ட புது நோட்டாக் கேட்டு வாங்குங்க, ஒண்ணு அஞ்சு பத்து டாலரா. எங்க பொருளாளர் அண்ணன் நூறு டாலர் நோட்டாவே கட்டி எடுத்துட்டு வந்துட்டாரு, அதுல ஒண்ணு ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு, அந்த நோட்டு ட்ரிப் முழுக்க எங்களோடயே சுத்திட்டு சிங்கப்பூருக்கே திரும்பி வந்துடுச்சு.

காணிக்கை திரட்டுறதுல ஒரு எச்சரிக்கை. சபைக்குள்ள கேக்குறது வேற, வெளியில பொதுமக்கள்கிட்ட வெளிநாட்டு உதவிக்குன்னு காசு கேக்குறதா இருந்தா சிங்கப்பூர்ல தொண்டு அமைப்புகளக் கண்காணிக்கிற கமிஷனர் ஆஃப் சாரிட்டீஸ்கிட்ட பெர்மிட் வாங்கணும். பிரியாணி வித்து காசு சேக்குறதுக்கு முன்னாடி செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ப்ரோகிராம் தயாரிக்கிறது

இங்கதான் ரொம்பப் பேர் சொதப்புறாங்க, நாங்களும்தான்.

கம்போடிய அரசாங்கப் பள்ளிக்கூடங்க நெறைய எடத்துல ரெண்டு ஷிஃப்ட். காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். அதனால "காலையில ஒம்போதுலேர்ந்து மூணு வரைக்கும் விபிஎஸ்"னு போட்டா பாதிப் பிள்ளைங்க ஸ்கூல மட்டம் போட்டுட்டுத்தான் வரணும். ரெண்டு மணி நேர ப்ரோகிராமா வச்சு, காலையில ஒண்ணு, மத்தியானம் அதையே இன்னொண்ணு நடத்துங்க. நம்மளுக்கு ரெட்டை வேலை, ஆனா அதுதான் சரி.

மொழிபெயர்ப்பு நேரத்தச் சாப்பிடும். நீங்க பத்து நிமிஷம் பேசுனா அது இருபது நிமிஷம். அஞ்சு வயசுப் பிள்ளை இருபது நிமிஷம் உக்காராது. அதனால கதைய நாலு நிமிஷத்துக்கு எழுதுங்க, வாக்கியம் வாக்கியமா உடைச்சு, போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிடுங்க. இன்னும் நல்லது, கதைய உள்ளூர் டீச்சரே கெமர்ல சொல்லட்டும், நீங்க பின்னாடி நின்னு ஆட்டுக்குட்டியா நடிங்க. நெஜமாத்தான் சொல்றேன். எங்க டீம்ல நல்லாப் பேசுற தம்பி ஒருத்தன் சிங்கப்பூர் எம்ஆர்டிய வச்சு ஒரு உவமை சொன்னான், கூட்டத்துல ட்ரெயின்ல ஏறுறது, கதவு மூடுறது, அப்படி இப்படி. மொழிபெயர்க்கிற பொண்ணு ரயிலே ஏறுனது இல்ல. அவளும் எதோ சொன்னா, பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, தம்பிக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கேட்டா, "இந்த அண்ணன் ரொம்பப் பேசுறாரு, நீங்க சிரிங்க, சீக்கிரம் முடிச்சுடுவாரு"ன்னு சொன்னாளாம்.

நல்ல சமாரியன், காணாமப் போன ஆடு, அஞ்சு அப்பம் ரெண்டு மீன், இதெல்லாம் நேரா போய்ச் சேரும். டோன்லே சாப் ஏரிய ஒட்டி இருக்குற பிள்ளைங்களுக்கு வலையும் மீனும் நம்மள விட நல்லாத் தெரியும், பேதுரு கதையில வலைய எப்படி வீசணும்னு எனக்கே ஒரு பையன் திருத்திக் காட்டுனான். நாடு புத்த நாடு, தேரவாத பௌத்தம்தான் அரசு மதம், வீடு வீடா போய் மதம் பரப்புறதுக்குத் தடை இருக்கு, சாமான் கொடுத்து மதம் மாத்துறதுக்கும் தடை. பெத்தவங்க அனுமதி இல்லாம எந்தப் பிள்ளையையும் ப்ரோகிராம்ல உக்கார வைக்காதீங்க, பரிசு பைய ஜெபத்தோட சேத்துக் கட்டாதீங்க. சட்டத்துக்காகச் சொல்றேன்னு நெனக்காதீங்க. சாமான் காட்டி நம்ம பிள்ளைய ஒருத்தர் கூப்பிட்டா நமக்கு எப்படி இருக்கும்.

கிராஃப்ட்டுக்கு அங்க கெடைக்கிற பொருளா யோசிங்க. பேப்பர், க்ரேயான், நூல், காஞ்ச எலை, பாட்டில் மூடி. பளபளா ஸ்டிக்கர் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு போனா நம்ம போனதும் அந்த கிராஃப்ட்டும் செத்துடும், டீச்சரால திரும்பப் பண்ண முடியாது. நாங்க இப்ப ஒரு கணக்கு வச்சிருக்கோம்: சந்தையில ஒரு டாலருக்குள்ள வாங்க முடியாத எதையும் ப்ரோகிராம்ல சேக்குறது இல்ல. பேப்பர், பென்சில் எல்லாம் அங்க போயே வாங்குறோம், கடைக்காரருக்கும் நாலு காசு.

எண்ணிக்கை. அறுவது பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க, நூத்திப்பத்து வரும், தங்கச்சி பாப்பாவ இடுப்புல தூக்கிக்கிட்டு வரும், பக்கத்துத் தெருவும் வரும். எங்க ரெண்டாவது ட்ரிப்ல அறுவது பை கட்டிக்கிட்டுப் போனோம். பை கெடைக்காத பிள்ளைங்க மொகத்த இன்னைக்கும் மறக்க முடியல, கெடைச்ச பிள்ளைங்ககிட்டேர்ந்து பெரிய பசங்க பிடுங்குனது வேற. அதோட பை கொடுக்குறத நிறுத்திட்டோம். பந்து, ஸ்கிப்பிங் கயிறு, படப்புத்தகம்னு பொதுவா சபைக்கே கொடுத்துடுவோம், அதையும் நம்ம கையால கொடுக்காம டீச்சர் கையால.

பேச்சு, பழக்கம்

பத்து வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு கையும் கூப்பி "சும் ரியப் சுவர்"னா மரியாதையான வணக்கம், கை கூப்புறது நம்ம வணக்கம் மாதிரியேதான், பெரியவங்களுக்குக் கை கொஞ்சம் உயரப் போகும். "அர்குன்"னா நன்றி. பெரியவங்கள பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, தன்ன விடக் கொஞ்சம் மூத்தவங்கள அண்ணனோ அக்காவோ "போங்"னு கூப்பிடுவாங்க, எளையவங்க "ஓன்". டீச்சருக்கு "க்ரூ", நம்ம குருதான். ஆம்பள டீச்சர் "லோக் க்ரூ", பொம்பள டீச்சர் "நேக் க்ரூ". பாத்ததும் "சோறு சாப்ட்டாச்சா"ன்னு கேக்குறதும் அங்க உண்டு, "ஞாம் பாய் ஹாய் நௌ"ன்னு கேட்டுப் பாருங்க, பாட்டிங்க மொகம் மலந்துடும். அவங்க எழுத்த உத்துப் பாத்தா எதோ தெரிஞ்ச மாதிரி இருக்கும், பல்லவ எழுத்துலேர்ந்து வளந்ததுதான் கெமர் எழுத்து. நம்மளால படிக்க முடியாது, ஆனா பிள்ளைங்ககிட்ட தமிழ் எழுத்தும் கெமர் எழுத்தும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுனா ஒரு மணி நேரம் ஓடிடும்.

தலையத் தொடாதீங்க. நம்ம ஊர்ல பிள்ளை தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்றது சாதாரணம், அங்க தலை மரியாதையான எடம், வெளியாளு தொடக் கூடாது. தலையில கை வச்சு ஜெபிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், கைய மடியிலேயே வச்சுக்குங்க. "தலை, தோள், முட்டி" மாதிரி ஆக்‌ஷன் சாங்ல தன் தலைய தானே தொட்டுக்கிறது பரவால்ல, அடுத்த பிள்ளை தலையத் தொடுற மாதிரி வெளையாட்டு வேணாம். கால நீட்டி ஆள் பக்கம் காட்டாதீங்க. தோளும் முட்டியும் மூடுன துணி. வீட்டுக்குள்ள போறப்ப செருப்ப வெளிய விடுறது, அது நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

வரலாறும் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. 1975லேர்ந்து 1979 வரைக்கும் கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் கூட்டத்தோட ஆட்சியில பதினஞ்சு லட்சத்துக்கு மேல ஜனங்க செத்தாங்க, டீச்சர், டாக்டர், பிக்கு, போதகர்னு பாக்கல. புராட்டஸ்டன்ட் மிஷனரிங்க 1923ல வந்தாங்க, கெமர் மொழியில முழு வேதாகமம் 1954லதான் வந்துச்சு, நமக்கு தரங்கம்பாடியில புதிய ஏற்பாடு 1715லேயே அச்சாயிடுச்சுல்ல, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. கெமர் வேதாகமம் வந்து சுமார் இருபது வருஷத்துல அந்தச் சின்னச் சபையும் கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு. இன்னைக்கு நீங்க பாக்குற அறுவது எழுபது வயசு பாட்டி ஒவ்வொருத்தரும் அதுல தப்பிச்சவங்க. "உங்க அப்பா என்ன பண்ணாரு, கூடப் பொறந்தவங்க எத்தன பேர்"னு நம்ம ஊர்ல கேக்குற மாதிரி மொதல் நாளே கேட்டுடாதீங்க. நான் கேட்டிருக்கேன். அந்தப் பாட்டி பதில் சொல்லல, எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாங்க.

உடம்பு

கெளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடி டாக்டரப் பாத்துடுங்க, ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் கேளுங்க. டெங்கு உண்டு, கொசு மருந்து பகல்லயும் பூசணும். தெரு நாய் கடிச்சா, பிராண்டுனாக்கூட, உடனே சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. குடிக்க பாட்டில் தண்ணி. ரோட்டோரக் கரும்புச்சாறுல போட்ட ஐஸால எங்க டீம்ல நாலு பேர் ரெண்டு நாள் படுத்தோம், ஓஆர்எஸ் பாக்கெட் கையில இருக்கட்டும். இன்சூரன்ஸ்ல மெடிக்கல் இவாகுவேஷன் (அவசரத்துல வைத்தியத்துக்கு வேற எடத்துக்குக் கொண்டு போற செலவு) இருக்கான்னு பாத்து எடுங்க.

டாக்டர், நர்ஸ் இல்லாத டீம் மாத்திரை கொடுக்காதீங்க, பனடால் (பாராசிட்டமால்) கூட. ப்ரோகிராம்ல பிள்ளைக்கு அடிபட்டா பெத்தவங்களுக்குச் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சியெம் ரீப்ல பிள்ளைங்களுக்குன்னே அங்கோர் ஹாஸ்பிட்டல் ஃபார் சில்ட்ரன், கந்தா போப்பா ரெண்டும் இருக்கு. ப்ளேன்ல ஏறுறப்ப பவர் பேங்க் கைப்பையில, கத்திரிக்கோல் எல்லாம் பெரிய பெட்டியில.

அங்க இருக்குற நாட்கள்

அஞ்சு நாள்னா மொதல் நாள் ப்ரோகிராம் வைக்காதீங்க. போய் எறங்கி, எடத்தப் பாத்து, டீச்சருங்களோட உக்காந்து சாப்பிட்டு, எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி, காலையில அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடும், அந்த நேரத்துல டீம் ஜெபம் வச்சுக்கலாம். நடுவுல மூணு நாள் வேலை. கடைசி நாள் கூட்டிப் பெருக்கி, கணக்கு ஒப்படைச்சு, நன்றி சொல்லிட்டுக் கெளம்புறது. அங்கோர் வாட் பாக்கணும்னா தனியா ஒரு நாள் சேத்து உங்க சொந்தக் காசுல போங்க, காணிக்கைக் கணக்குல எழுதாதீங்க.

தெனமும் சாயங்காலம் அரை மணி நேரம் உள்ளூர் டீச்சருங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு எத மாத்தணும். மொதல் நாள் "எல்லாம் நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவது நாளும் கேளுங்க. மூணாவது நாள் மெதுவா ஒண்ணு வரும், "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, சின்னப் பிள்ளைங்க பயப்படுது"ன்னு.

போட்டோவுக்கு எங்க விதி: டீம்ல ஒருத்தர்தான் எடுப்பாங்க, மத்தவங்க போன் பைக்குள்ள. பிள்ளை மொகம் தெரியிற படம், பேர், ஊர் மூணும் சேந்து எங்கயும் போடக் கூடாது. அழுற பிள்ளை, சட்டை இல்லாத பிள்ளை, சாப்பாட்டுத் தட்டோட நிக்கிற பிள்ளை படம் கெடையவே கெடையாது. பெத்தவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும். ஒரு வாலிபன் ஏர்போர்ட்லயே இன்ஸ்டாகிராம்ல ஒரு பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு படம் போட்டுட்டான், "உன் தங்கச்சி படத்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் இப்படிப் போட்டா ஒனக்கு ஓகேவா"ன்னு கேட்டேன், எடுத்துட்டான்.

பிரியிற நேரத்துல "அடுத்த வருஷம் வருவேன்"னு எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீங்க. பெரியவங்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு, பிள்ளை நாள் எண்ணிக்கிட்டு இருக்கும்.

திரும்பி வந்தப்புறம்

ஒரு வாரத்துக்குள்ள கணக்க எழுதிடுங்க, எவ்ளோ சேந்துச்சு, டிக்கெட்டுக்கு எவ்ளோ, அங்க எவ்ளோ. சபையில எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டுங்க. எங்க மொதல் கணக்குல டிக்கெட்டும் ஹோட்டலும் மட்டுமே முக்கால்வாசி, பாத்துட்டு ஒரு பெரியவர் "இந்தக் காச அப்படியே அனுப்பியிருந்தா ஒரு டீச்சருக்கு வருஷச் சம்பளம் ஆச்சே"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் ட்ரிப்புக்கு எவ்ளோ ஆகுதோ அதுல ஒரு பங்கு மாசாமாசம் அந்தச் சபை டீச்சர் சம்பளத்துக்குப் போகுது, ட்ரிப் இருந்தாலும் இல்லாட்டியும்.

சாட்சி சொல்றப்ப "அங்க ஒண்ணுமே இல்ல, பாவம்"னு ஆரம்பிக்காதீங்க. உங்க பேச்ச யாராவது மொழிபெயர்த்து அங்க இருக்குற டீச்சருக்குக் காட்டுனா அவ தலை நிமிந்து நிக்க முடியணும். இப்பல்லாம் லைவ்ல போட்டுடுறாங்கல்ல, அவங்களும் பாக்குறாங்க.

மூணு மாசம் கழிச்சு ஒரு வீடியோ கால் போட்டு, எதாச்சும் ஓடுதா, எது நின்னு போச்சுன்னு கேளுங்க. அடுத்த தேதியையும் நீங்க முடிவு பண்ணாதீங்க, அவங்ககிட்ட விடுங்க. போன தடவை இப்படிக் கேட்டப்ப பாஸ்டர் தயங்கவே இல்ல. "இந்த வருஷம் வேணாம் போங், கூரை மாத்துறோம், பிள்ளைங்களுக்கே உக்கார எடம் இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்"னுட்டாரு. மொதல் வருஷம் பதினஞ்சு பேர் வர்றோம்னு சொன்னதுக்கு வாங்க வாங்கன்ன அதே பாஸ்டர்தான். நாங்க போகல. டிக்கெட்டுக்குன்னு எடுத்து வச்ச காசு கூரைக்குப் போச்சு.